உயிரணுவின் காயலான் கடை

நம் புதுச்சத்திரத்துச் சாலையோரம் ஐந்து நிமிடம் நின்றால் போதும். போகிற வருகிற லாரிகளை எண்ணி மாளாது. லாரிக்குப் பேர் போனது நாமக்கல். எந்த லாரியும் ஒரு நாள் ஓட்டம் நின்று காயலான் கடைக்குப் போயாக வேண்டும். அங்கே அதைப் பிரித்துப் போட்டு, உதவும் பாகங்களை எடுத்துக் கொள்வர். நம் உயிரணுக்களுக்குள்ளும் இப்படி ஒரு கடை இருக்கிறது.

அதன் பெயர் புரோட்டியாசோம். வேலை முடிந்த புரதங்களும் கோணலாய் உருவான புரதங்களும் அதற்குள் போகின்றன. எது போக வேண்டும் என்று எப்படித் தெரியும்? யூபிக்விட்டின் என்னும் சின்னஞ்சிறு புரதம், 76 அமினோ அமிலங்களே கொண்டது, சீட்டுப் போல அவற்றின்மேல் ஒட்டப்படுகிறது. சீட்டுகள் சங்கிலியாகச் சேர்ந்ததும் கடையின் காவற்பகுதி அப்புரதத்தைப் பிரித்து நீட்டி உள்ளே தள்ளுகிறது. பீப்பாய் போன்ற உட்பகுதி நறுக்கிப் போடுகிறது. சீட்டு வீணாவதில்லை, கழற்றி மறுபடியும் பயன்படுத்தப்படுகிறது. இம்முறையைக் கண்டறிந்த ஆரன் சிகனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவரும் 2004-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

இனி கிருமிக்கு வருவோம். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவர் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. பின்னாளில் அந்நோய் மிகுதியாகக் காணப்பட்ட மாவட்டங்களுள் நம் நாமக்கல்லும் ஒன்றாயிற்று. இதை நம் வீடுகளில் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். பேசாதிருந்ததால் நோய் போய்விடவில்லையே!

இக்கிருமி தன் மரபுச் செய்தியை நம் வெள்ளணுவின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே பொருத்திவிடுகிறது. அதற்கு உள்ளவை ஒன்பதே மரபணுக்கள். அவற்றைப் படியெடுக்க நம் உயிரணுவின் கருவிகளையே அது நம்பியிருக்கிறது. படியெடுப்போ தொடங்கிய சற்று தூரத்திலேயே நின்றுவிடும். 'டாட்' என்ற கிருமிப் புரதம் வந்து தூண்டினால்தான் கடைசி வரை ஓடும்.

இங்கேதான் காயலான் கடை குறுக்கே வருகிறது. 'டாட்' இல்லாதபோது புரோட்டியாசோம் கிருமியின் மரபணு தொடங்கும் இடத்தில் அமர்ந்து படியெடுப்பை அடக்குகிறது என்று 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 'டாட்' வந்ததும் நிலைமை தலைகீழ்! காவற்பகுதி நறுக்கும் பகுதியை விட்டுப் பிரிந்து, மரபணு நெடுகிலும் படியெடுப்புக்குத் துணை செய்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். 'டாட்' மீதும் யூபிக்விட்டின் சீட்டு ஒட்டப்படுவதுண்டு. ஆனால் அதனால் அது அழிவதற்குப் பதில் அதன் ஊக்கம் கூடுகிறது என்று 2003-இலேயே கண்டிருந்தனர்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். மாத்திரைகள் கிருமி பெருகுவதைத் தடுக்கின்றன. ஆயினும் சில உயிரணுக்களில் அது படியெடுக்கப்படாமல் உறங்கிக் கிடக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் விழித்துக் கொள்ளும். உறங்குவதை எழுப்பி அழித்துவிட முடியுமா என்று விஞ்ஞானிகள் முயல்கின்றனர். புரோட்டியாசோமை முடக்கும் போர்டெசோமிப் என்னும் புற்றுநோய் மருந்து, சோதனைக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் அதை எழுப்பியிருக்கிறது. ஆனால் அம்மருந்து நல்ல உயிரணுக்களின் கடைகளையும் சேர்த்தே மூடிவிடும், நரம்புகள் பாதிக்கப்படுவதுண்டு. ஆகவே இம்முறை இன்னும் சிகிச்சையாகவில்லை. அதுவரை அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் இலவசமாக வழங்கப்படும் மாத்திரைகளை, நோயாளிகள் ஒரு நாளும் தவறாமல் உட்கொள்ள வேண்டியிருக்கிறது.