சாமியும் பாதிரியாரும் – 9: தணிகைமலையின் பதில்

சென்ற வாரம் ஹெயிட்டி நாட்டில் இருந்தோம். 1941, 42-ம் ஆண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபை மூடநம்பிக்கையை ஒழிக்கக் கிளம்பி, வூடு வழிபாட்டின் மேளங்களையும் சாமிப் பொருள்களையும் குவித்துத் தீ வைத்ததைப் பார்த்தோம். மேளம் எரிந்ததே தவிர, சாமி போகவில்லை. வூடுவின் தாய்வீடான ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இன்று ஜனவரி மாதத்தில் அதற்கு அரசு விடுமுறையே உண்டு.

இந்த வாரம் நம் வீட்டுக்கு வருவோம். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் ரயிலில் ஏறினால், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஓர் ஊர் வரும். திருத்தணி.

ஊருக்கு மேலே தணிகைமலையில் முருகன். சுற்றுவட்டாரக் கிராமங்களில் அம்மன்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றி, வேப்பிலை கட்டி, பம்பை அடித்தால் யாராவது ஒருவர் மேல் சாமி இறங்கும். வந்து இறங்கிய ஐரோப்பியப் பாதிரியார்களில் பெரும்பாலோர் இதற்கு வைத்த பெயர் ‘பேய் வழிபாடு’. மேளத்துக்குத் தீ வைக்கவில்லை, பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பாடப்புத்தகம் வரை போனது.

விதிவிலக்காகச் சிலர் உண்டு. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கு, மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி, ஐயனார் என்று நம் கிராமத் தெய்வங்களை ஊராரிடமே கேட்டுக் கேட்டு எழுதினார். 1713-ல் கையெழுத்துப் பிரதியை ஜெர்மனியிலுள்ள ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெரியவர் ஃபிராங்கே அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை வேரறுக்கத்தான் ஆள் அனுப்பினோம், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவருடைய நிலை. அந்தப் புத்தகம் அச்சேறியது 1867-ல், சென்னையில். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் அது பெட்டிக்குள் கிடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

திருத்தணிச் சிறுவன் ஒருவனிடம் வருகிறேன். 1888-ல் பிறந்தவன். தெலுங்கு பேசும் எளிய குடும்பம். அப்பாவுக்கு ஜமீனில் சிறு உத்தியோகம். எட்டு வயதில் திருப்பதியில், ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் நடத்திய பள்ளியில் சேர்ந்தான். பிறகு அமெரிக்க ஆற்காடு மிஷனின் வேலூர் ஊரிஸ் கல்லூரி. அதன்பின் ஸ்காட்லாந்துக்காரர்கள் நடத்திய சென்னைக் கிறித்தவக் கல்லூரி. பன்னிரண்டு ஆண்டுகள், மூன்று நாட்டுப் பாதிரியார்கள், ஒரே பாடம்: உன் வீட்டுச் சாமி பொய்.

அந்தச் சிறுவன்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். பிற்காலத்தில் அவர் இதை மறைக்கவில்லை. விவேகானந்தரைப் படித்து நிமிர்ந்திருந்த தன் மனம், மிஷன் கல்விக்கூடங்களில் இந்து சமயத்தை நடத்திய விதத்தால் புண்பட்டதை எழுதியிருக்கிறார். அந்தப் புண்தான் அவரை வேதாந்த நூல்களிடம் கொண்டுபோய் விட்டது. வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமே இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு, 1908-ல் எம்.ஏ. தேர்வுக்கான ஆய்வேட்டிலேயே பதில் எழுதினார். அதற்கு மனமாரப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தவர் யார்? அதே கல்லூரியின் ஏ.ஜி. ஹாக், ஒரு மிஷனரி. தன் சமயத்துக்கு எதிர்வாதம் எழுதிய இருபது வயதுப் பையனைத் தட்டிக்கொடுக்கும் நேர்மை அவரிடம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தொடரை நான் எழுதவே கூடாது.

1926-ல் ஆக்ஸ்ஃபோர்டு மேடையில் அந்தப் பையன் இந்து வாழ்க்கைநெறியைப் பற்றிப் பேசினார். மறுத்துப் பேசக் கற்றுக்கொடுத்தது, மறுக்கப்பட்டவர்களின் பள்ளிக்கூடமே.

ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பாதிரியார்களின் ஏச்சை அதிகம் வாங்கியவள் வேப்பமரத்தடி அம்மன். ராதாகிருஷ்ணன் தூக்கி நிறுத்தியது உபநிடதத்தை. கூழ்ப்பானைக்காக வாதாட ஆக்ஸ்ஃபோர்டில் ஆள் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளியின் கதவு சேரிப் பிள்ளைக்குத் திறந்த காலத்தில் கோயில் கதவு அவனுக்கு மூடியிருந்தது. எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போக சென்னை மாகாணத்தில் முழுமையான சட்டம் வந்தது 1947-ல்தான். அந்தப் பிள்ளையின் அப்பா பாதிரியாரிடம் போனதைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

திருத்தணியே சொன்ன இன்னொரு பதிலும் இருக்கிறது. ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைகளின் பங்களாவுக்குப் பழத்தட்டோடு போய்க் கும்பிட்டு நிற்பது அன்றைய வழக்கம். முதல் உலகப் போர்க் காலத்தில், திருப்புகழை ஊர் ஊராகப் பாடிப் பரப்பிய வள்ளிமலை சுவாமிகளுக்கு அது பொறுக்கவில்லை. துரைகளுக்கெல்லாம் துரை மலைமேல் இருக்கிறான், அவனைப் போய்ப் பாருங்கள் என்று ஆட்களைத் திருப்பிவிட்டார். அப்படிப் பிறந்ததுதான் திருப்படித் திருவிழா. யாரையும் ஏசவில்லை, எதையும் கொளுத்தவில்லை. தேதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஒரு டிசம்பர் 31 இரவு அந்த மலையின் படிகளில் நானும் ஏறினேன். மொத்தம் 365 படி, நாளுக்கு ஒன்று. முன்னால் ஒரு பாட்டி. ஒவ்வொரு படியையும் ஈரத்துணியால் துடைக்கிறார், மஞ்சள் தடவுகிறார், குங்குமம் வைத்து, கற்பூரத்தைக் கிள்ளி வைத்துப் பற்றவைக்கிறார். காற்று அணைத்தால் உள்ளங்கையைக் குவித்து மறுபடி ஏற்றுகிறார். பஜனைக் குழுவினர் படிக்கொரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். பாட்டிக்குப் பாட்டு தெரியாது. உதடு மட்டும் அசைந்தது.

பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, எந்த ஊர் என்று கேட்டேன். பக்கத்துக் கிராமம். “ஆடியில கங்கம்மாவுக்குக் கூழு, மார்கழியில இவனுக்குப் படி. ரெண்டு பேரும் நம்ம வீட்டாளுங்கதானே தம்பி” என்றார்.

பேரனைப் பற்றியும் சொன்னார். கிறித்தவப் பள்ளியில் படிக்கிறானாம். “அங்க நல்லாச் சொல்லித் தராங்க” என்றவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இன்னும் நூறு படிக்கு மேல் இருந்தது. மஞ்சள் கிண்ணத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

(தொடரும்)