பாட்டம் முடிந்தால் கருப்பட்டி யாருக்கு?
நாவலை வைத்து விளையாட்டு அமைக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

டிசம்பர் 31 நெருங்குகிறது. நம் நாட்டில் காப்புரிமைக் கணக்கு ஆண்டு முடிவில்தான் தீரும். எழுத்தாளர் எந்த மாதம் மறைந்திருந்தாலும் அடுத்த ஜனவரி 1 தொடங்கி 60 ஆண்டு எண்ண வேண்டும். அதனால் ஆண்டுக் கடைசியில் உரிமை பற்றிய கடிதங்கள் அதிகம் வரும். இம்முறை கொல்லயில், தனுவச்சபுரம், பாறசாலைப் பக்கத்து வாசகர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கதையாட்டத்தை ஒரு நாவலை வைத்து உருவாக்கினால் யாரிடம் அனுமதி வாங்குவது? புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியதே போதாதா என்கிறார் ஒருவர். பதிப்பாளர் போனில் சரி சொல்லிவிட்டார், அச்சுக்குக் கொடுக்கலாமா என்கிறார் இன்னொருவர்.

கேட்டவர்கள் எல்லோரும் ஆடுகிறவர்கள். எனவே ஆட்டம் எப்படி என்ற விளக்கம் இங்கே தேவையில்லை. ஆனால் எந்தக் கடிதத்திலும் இல்லாத ஒரு கேள்விதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கிடைத்த உரிமம் ஒருநாள் முடியும்போது, நீங்கள் உழைத்து உண்டாக்கியது என்ன ஆகும்?

நம் ஊரில் பனையைப் பாட்டத்துக்கு விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அக்கானி ஏறுபவருக்கு, ஓலையும் தடியும் நிலத்துக்காரருக்கு. ஒரே மரத்தில் இரண்டு உரிமை. கதையும் அப்படித்தான் பிரியும்: புத்தகம் ஒருவருக்கு, படம் ஒருவருக்கு, விளையாட்டு இன்னொருவருக்கு. இதுவரை ஒப்புமை சரி. ஆனால் பாட்டம் முடிந்து ஏறுபவர் இறங்கிய பிறகும், அவர் காய்ச்சிய கருப்பட்டி அவருடையதுதான். சந்தையில் வைத்து விற்பார். கதை உரிமத்தில் அப்படி இல்லை. காலம் முடிந்த அன்றே, காய்ச்சிய கருப்பட்டியையும் விற்க முடியாமல் போகலாம்.

உலகம் அறிந்த உதாரணம் டோல்கீனுடையது. 1969இல் 'தி ஹாபிட்', 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஆகிய இரண்டின் திரைப்பட, வணிகப்பொருள் உரிமைகள் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன; 1976இல் படத் தயாரிப்பாளர் சால் ஜேன்ட்ஸ் கைக்கு வந்தன. அவர் தரப்பிடம் உரிமம் பெற்ற அமெரிக்காவின் அயர்ன் கிரவுன் நிறுவனம் 1984இல் கதையாட்டத்தை வெளியிட்டது. எல்லை அப்போதே கறாராக இருந்தது. 1977இல் வந்த டோல்கீனின் 'சில்மரில்லியன்' விற்கப்பட்ட உரிமைக்குள் இல்லை. அந்நூலில் மட்டும் வரும் ஒரு பெயரைக்கூட ஆட்டத்தில் எடுத்தாள முடியாது. மூல நூலில் இரண்டு வரியில் கடந்துபோகும் நாடுகளுக்கு ஆட்டத்தை எழுதியவர்களே ஊர்களும் வரைபடங்களும் மனிதர்களும் படைத்தார்கள். 15 ஆண்டு உழைப்பு. 1999இல் உரிமம் போனது. அந்த ஆட்ட நூல்கள் மறுபடி அச்சேறவில்லை. எழுதியவர்களின் கற்பனைதான், ஆனால் அது பிறர் நிலத்தில் முளைத்தது. உரிமம் 2002இல் வந்த ஆட்டத்துக்கு வேறொரு நிறுவனத்திடம் போனது, 2011இல் வந்ததற்கு இன்னொன்றிடம். ஒவ்வொருவரும் முதலிலிருந்து கட்டினார்கள்.

அதில் தப்பியது ஒன்றே ஒன்று: விதிமுறை. பகடைக் கணக்கும் சண்டை முறையும் அயர்ன் கிரவுன் ஏற்கெனவே வைத்திருந்த 'ரோல்மாஸ்டர்' ஆட்டத்திலிருந்து எடுத்துச் சுருக்கியவை. டோல்கீன் உரிமம் இல்லாமலும் அது விற்றது.

இது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' நாவல் 1891இல் வெளிவந்தது. அவர் 1922இல் மறைந்தார். நாகர்கோவில்காரரான ஆர். சுந்தர்ராஜ் அந்த நாவலைப் பேசாப்படமாக எடுத்து 1933இல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிட்டார். நாவலின் உரிமை தன்னுடையது என்று கமலாலயம் புக் டிப்போ வழக்குத் தொடுத்தது. படம் சில நாட்களிலேயே திரையைவிட்டு இறங்கியது. 1974இல்தான் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அந்தப் படச்சுருளைப் புக் டிப்போவிடமிருந்து மீட்டது. 41 ஆண்டு! அங்கே உரிமம் முடிந்துபோனது, இங்கே உரிமமே சரியாக இல்லை. ஆனால் உழைத்தவர்களின் உழைப்பு முடங்கியது இரண்டிலும் ஒன்றுபோலத்தான்.

நம் காப்புரிமைச் சட்டம் எழுத்தாளரைக் காப்பாற்றுவதாக அரசு சொல்கிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவை வாசித்தால் அது பாதி உண்மை என்று தெரியும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி. இவை உரிமங்களுக்கும் பொருந்தும். நல்ல காவல்தான். ஆனால் அந்த ஓராண்டுக் காவலின் வாலில் ஒரு விலக்கு இருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அந்தக் காவல் செல்லாது. கையெழுத்துக்கு நீட்டப்படும் படிவத்தில் அந்த 'வேறு விதம்' இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. மிஞ்சிய பிரதிகளை விற்க எத்தனை மாதம், நீங்கள் படைத்த ஊர்களும் பாத்திரங்களும் யாருக்கு என்பதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இனி, விளம்பரங்களிலும் அறிவிப்புகளிலும் வரும் மூன்று சொற்கள்.

'அதிகாரப்பூர்வ ஆட்டம்': உரிமையாளருக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மூலக் கதைக்கு உண்மையாக இருக்கிறது என்பதற்கு அது சான்று அல்ல.

'நாட்டுடைமை': எழுத்தாளருக்குச் செய்யும் மரியாதை என்பது தமிழ்நாட்டு அரசின் விளக்கம். நடப்பில், வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை எல்லோருக்கும் திறந்துவிடுவது. வாரிசுகளிடம் இருந்ததைத்தான் அரசு வாங்க முடியும். எல்லோரும் அதை மரியாதையாக எடுத்துக்கொள்வதும் இல்லை: 2009இல் அறிவிப்பு வந்தபோது சுந்தர ராமசாமி, கண்ணதாசன் குடும்பத்தினர் மறுத்துவிட்டார்கள்.

'திறந்த உரிமம்': 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் விதிகளை 2000இல் நிரந்தர உரிமமாகத் திறந்துவிட்டது விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம். நிரந்தரம் என்று எழுதியவர்கள், திரும்பப் பெற முடியாதது என்று எழுதவில்லை. 2023 ஜனவரியில் அதைத் திருத்தப் பார்த்தார்கள். ஆடுகிறவர்கள் கொதித்தெழுந்த பிறகே, அதே மாதம் 27ஆம் தேதி அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தன. வாக்குறுதியைவிட வாசகம் முக்கியம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பதிப்பாளரின் போன் சம்மதம் போதுமா? போதாது, விளையாட்டு உரிமை அவரிடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், பிறகு எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டில் நண்பர்களோடு ஆடினால்? தாராளமாக ஆடுங்கள், அச்சிட்டு விற்கும்போதுதான் சிக்கல்.

விதிகளை வேறு ஆட்டத்திலிருந்து எடுக்கலாமா? முறையை எடுக்கலாம், எழுதிய வாசகத்தையும் பெயரையும் எடுக்கக் கூடாது. ஸ்கிராபிள் வழக்கில் 2008இல் டெல்லி உயர் நீதிமன்றம் பலகைக்கும் விதிக்கும் காப்புரிமை இல்லை என்றது, பெயருக்குத் தடை போட்டது.

'பொன்னியின் செல்வன்'? கல்கி 1954இல் மறைந்தார். 2014 முடிவோடு காலம் தீர்ந்தது. 2022, 2023 படங்களின் உடை, முக அமைப்பு மட்டும் வேண்டாம்.

'விஷ்ணுபுரம்'? ஜெயமோகன் நம்மோடு இருக்கிறார். அவரைக் கேட்க வேண்டும்.

டோல்கீனின் அந்த இரண்டு நாவல்கள்? அவர் 1973இல் மறைந்தவர், இந்தியாவில் 2034 ஜனவரி 1 வரை பொறுங்கள், பிரிட்டனில் இன்னும் பத்தாண்டு.

கள்ளியங்காட்டு நீலி? நாட்டார் கதை, யாருக்கும் சொந்தமில்லை. 2025இல் வந்த 'லோகா' படம் அவளுக்குக் கொடுத்த உருவம் படக்காரர்களுடையது.

'மார்த்தாண்டவர்மா'வை இன்று ஆட்டமாக்கலாமா? ஆக்கலாம், மலையாள மூலத்திலிருந்து எடுங்கள், பிற்காலத்து மொழிபெயர்ப்புகளுக்குத் தனி உரிமை உண்டு.

எங்கிருந்து தொடங்கலாம்? மன்னர் மார்த்தாண்டவர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலா மரத்தின் தடி நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலில் இன்றும் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள், அந்தக் கதைக்குப் பாட்டமும் இல்லை, காலக்கெடுவும் இல்லை.