பளபளப்பும் பழைய வெள்ளிக்காசும்

பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பழைய வீடுகள் சிலவற்றில், பாட்டியாரின் பெட்டகத்தின் அடியில் கறுத்துப்போன வெள்ளிக்காசுகள் இன்றும் கிடப்பதுண்டு. அவற்றைக் கண்டெடுப்போர் முதலிற் செய்வது, புளியும் சாம்பலும் கொண்டு தேய்த்துத் துலக்குவதே. காசு பளிச்சிட்டதும் மனம் மகிழ்கிறது. ஆனால் அதன் மதிப்பிற் பெரும்பகுதி அந்தத் தேய்ப்பிலேயே கரைந்துபோயிற்று என்பதைப் பலர் அறியார்.

இக்காசுகளின் வரலாறு சிறிது அறியத்தக்கது. 1872இல் இலங்கையில் ரூபாவும் சதமுமாகிய கணக்கு நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் வெள்ளி ரூபாவாக வழங்கியது இந்திய நாணயமே. ஒரு தோலா எடையுள்ள அந்த ரூபாவைப் பொற்கொல்லர் நிறுவைப் படியாகவும் பயன்படுத்தினர். இலங்கைக்கெனப் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சத வெள்ளிக்காசுகள் 1892 முதல் வெளியாயின. ஒரு பக்கம் அரசியின் அல்லது அரசரின் தலை. மறுபக்கம் பனையினத்து மரமொன்று. அதனருகே சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி.

ஐம்பது சதக் காசின் எடை 5.83 கிராம். தொடக்கத்தில் அதில் ஆயிரத்துக்கு எண்ணூறு பங்கு வெள்ளி இருந்தது. முதல் உலகப் போரினால் வெள்ளியின் விலை ஏறவே, 1919 முதல் அது ஐந்நூற்றைம்பது பங்காகக் குறைந்தது. ஆகவே முந்தைய காசில் ஏறக்குறைய 4.66 கிராம் வெள்ளியும், பிந்தையதில் 3.21 கிராமும் உண்டு. நிறுவைக்கு விற்பவர் ஆண்டைப் பாராது விற்றால் ஏமாற்றமடையக்கூடும். நிறுவை விலைக்கும் சேகரிப்போர் தரும் விலைக்கும் இடையே இன்னும் பெரிய வேறுபாடு இருத்தல் கூடும்.

அவ்வேறுபாடு மிகுந்து காணப்படுவது 'புரூப்' எனப்படும் காசுகளிலே. இவை கடைத்தெருவிற் புழங்குவதற்காக அடிக்கப்பட்டவையல்ல. நாணயச்சாலையின் பதிவுக்காகவும், பெரியோர்க்கும் சேகரிப்போர்க்கும் அளிப்பதற்காகவும் தனிக் கவனத்துடன் ஆக்கப்பட்டவை. அச்சையும் வில்லையையும் மெருகிட்டு, ஒருமுறைக்கு மேற்பட அழுத்தி அடிப்பது வழக்கம். அதனால் எழுத்துக்கள் கூராக எழுந்து நிற்கும். விளிம்பு கத்திமுனைபோற் சதுரமாக இருக்கும். வெற்றிடம் கண்ணாடியாகத் துலங்கும்.

கண்ணாடிபோல் மின்னுவதெல்லாம் புரூப் என்று கொள்வது தவறு. ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டை முன்னிட்டு 1902இல் இலண்டனில் வெளியிட்ட புரூப் காசுகள் மங்கலான, பொடித்தூவியது போன்ற மேற்பரப்புடையவை. அவற்றைத் துலக்குபவர் அவற்றின் சிறப்பையே அழித்துவிடுவர். மறுபுறம், புழங்கித் தேய்ந்த சாதாரணக் காசைத் துலக்கி, புரூப் என்று விற்போரும் உண்டு.

இரண்டையும் பிரித்தறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். முதலில் அரசரின் முடி, புருவம், தாடி ஆகிய உயர்ந்த இடங்களைக் காண்க. அவை மழுங்கியிருப்பின் காசு புழங்கியது. அடுத்து, நுண்கோடுகளை நோக்குக. துலக்கிய காசில் அவை பரப்பிற் குழிந்து, ஒரே திசையில் எழுத்தின் மேலும் ஓடும். அச்சை மெருகிட்டதால் வந்த கோடுகளோ மேலெழுந்து நிற்கும். எழுத்தின் அடியோடு நின்றுவிடும். இந்தியப் புரூப் காசுகளில் மற்றொரு சிக்கல் உண்டு. சேகரிப்போருக்காகப் பிற்காலத்தில் மீண்டும் அடிக்கப்பட்டவையும் அவற்றில் உள. பழைய ஆண்டு பொறித்திருப்பது மட்டும் பழமைக்குச் சான்றாகாது. ஐயமுள்ளபோது அறிந்தவர் கருத்தைக் கேட்டல் நன்று. எச். டபிள்யூ. கொட்றிங்டன் இலங்கை நாணயங்களைப்பற்றி எழுதி 1924இல் வெளியான நூல் இத்துறைக்கு அடிப்படையானது.

வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். காலி வீதிக்கப்பால் வீசும் கடற்காற்றின் ஈரமும் உப்பும், கலப்பாயுள்ள செம்பைத் தாக்கிப் பச்சையேற்றும். கந்தகமுள்ள றப்பர் வளையத்தாற் கட்டுதல், மலிவான மென்பிளாத்திக்கு உறையில் இடுதல், ஈரக்கையால் முகத்தைத் தொடுதல் ஆகியவை தீங்கு செய்வன. விளிம்பைப் பிடித்து எடுத்து, ஒவ்வொன்றாக அமிலமற்ற காகித உறையில் இட்டு, உலர்ந்த பெட்டியில் வைப்பதே தகுந்தது. சீராகப் படிந்த மங்கலுக்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. காசு தேய்க்கப்படவில்லை என்பதற்கு அது சான்றாகவும் அமையலாம்.

பணமுடை நேரும்போது வெள்ளியை எடுத்துக்கொண்டு செட்டியார் தெருவுக்குப் போகும் குடும்பங்கள் எக்காலத்திலும் உண்டு. அவ்வாறு போகுமுன், நிறுவைத்தட்டில் இடப்போகும் காசுகளை ஒருமுறை ஆண்டு பார்த்துப் பிரித்து, துலக்காமலே அறிந்தவர் ஒருவருக்குக் காட்டுதல் வேண்டும். உருக்கிய காசை மீட்க எவராலும் இயலாது.