காற்றடிக்காத கடலில் ராஜேந்திரன்

வைக்கிங்குகளை வைத்து வந்த வியூக வீடியோ கேம்களில், பிரான்சின் ஷிரோ கேம்ஸ் நிறுவனம் 2018-இல் முழுமையாக வெளியிட்ட ‘நார்த்கார்ட்’ ஒரு விஷயத்தில் தனித்து நிற்கிறது. எதிரே ஆடுபவரோடு சேர்த்துக் குளிர்காலத்தையும் அதில் சமாளிக்க வேண்டும். பனி இறங்கியதும் உணவு வரத்து குறைகிறது, குளிர்காய விறகு வேகமாகக் கரைகிறது, அடுத்தவர் மண்ணில் நிற்கும் படை வலுவிழக்கிறது. படையெடுக்கும் நேரத்தைப் பாதி வானிலையே முடிவுசெய்கிறது. இதே அளவுகோலை நம் சோழருக்கும் வைத்துப் பார்க்கலாம். இன்னொரு வியூக கேமான ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 1999-இல் வந்தபோதே அதில் வைக்கிங்குகள் இருந்தார்கள். சோழரை உள்ளடக்கிய திராவிடர்கள் 2022-இல், ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ தொகுப்பில்தான் வந்து சேர்ந்தார்கள், கூடவே ராஜேந்திர சோழனின் போர்களும்.

தரையைப் பொறுத்தவரை இந்த கேம் நன்றாகவே யோசித்திருக்கிறது. வைக்கிங்குகளைப் போலவே திராவிடருக்கும் காலாட்படையும் கப்பல்களும்தான் பலம், குதிரைப்படை பலவீனம். இது வெறும் சமநிலைக் கணக்கு இல்லை. தமிழக வெப்பத்தில் நல்ல போர்க்குதிரைகளை வளர்ப்பது கடினம்; பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல்வழி வந்திறங்கியதை 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். ‘ஊட்ஸ்’ எஃகுக்குத் தனித் தொழில்நுட்பம் தந்ததும் சரியே. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் எஃகு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. காசு கொடுத்துக் குதிரை வாங்க கேமில் வழி வைக்காதது மட்டும் குறை. உண்மையான அரசர்கள் அதைத்தானே செய்தார்கள்!

சிக்கல் கடலில் இருக்கிறது. விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டையிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய, ராஜேந்திரனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டு அகழாய்வில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலம் பக்கத்துக்காரர்களுக்குப் பீங்கானின் எடையும் தெரியும், எளிதில் உடையும் என்பதும் தெரியும். அவ்வளவு தூரம் அதைக் கொண்டுவந்தது பருவக்காற்று. கிழக்கே போகத் தென்மேற்குக் காற்று, திரும்பி வர வடகிழக்குக் காற்று. இடையில் ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள். பாய்மரக் கப்பலுக்கு இந்த அட்டவணையை மீற வழியில்லை. கேமிலோ ‘திரிசடை’ போர்க்கப்பல் எந்த நேரமும், எந்தத் திசையிலும் ஒரே வேகத்தில் ஓடுகிறது. வணிகக் கப்பலும் சரக்கே இல்லாமல் தங்கத்தை மட்டும் கொண்டுவந்து கொட்டுகிறது.

இது பாடப்புத்தகமல்ல, இருவருக்கும் சமமான ஆட்டம் என்று சொல்லலாம். ஆனால் காற்று எல்லோர் பாயிலும்தான் அடிக்கும். நார்த்கார்டின் பனியும் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. முக்கால் மணி நேர ஆட்டத்தில் பருவங்களுக்கு ஏது இடம் என்றால், நார்த்கார்டில் ஓர் ஆண்டே சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது: கடாரத்தின் (இன்றைய மலேசியாவின் கெடா) மீது ராஜேந்திரன் 1025-இல் நடத்திய படையெடுப்பு எந்த மாதம் நடந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லையே? உண்மைதான். தஞ்சைக் கல்வெட்டு அலைகடல் நடுவே பல கலம் செலுத்தியதையும் வென்ற ஊர்களையும் சொல்கிறதே தவிர, மாதத்தைச் சொல்லவில்லை. ஆனால் கேமுக்குத் தேதி தேவையில்லை, விதி போதும். வைகாசிக்கு மேல் புறப்பட்டால் கப்பல் விரைந்து போகும். மார்கழிக் காற்றை எதிர்த்துப் புறப்பட்டால் பாதிக் கப்பல் கரை சேராது. கடாரத்தைப் பிடித்தவரும் உடனே திரும்ப முடியாது. காற்று மாறும்வரை அங்கேயே தங்கி, அத்தனை படைக்கும் சோறு போட்டாக வேண்டும். உள்ளூர் வணிகக் குழுவின் உதவியின்றி அது நடக்காது. சுமத்ராவின் பாரூஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை விட்டுச்சென்ற ஐந்நூற்றுவர் போன்ற வணிகருக்கு அப்போதுதான் இந்த கேமில் வேலை வரும்.