ஆட்டம் ராத்திரி, கூட்டம் காலையிலேயே

நம் ஊர் டி.வி.யில் கிரிக்கெட் மேட்ச்சுக்கு முந்தைய அலசல் என்றால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: குளிரூட்டிய ஸ்டூடியோ, வளைந்த மேஜை, கோட்டு போட்ட மூன்று நான்கு முன்னாள் வீரர்கள். ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தாலும் மொஹாலியில் நடந்தாலும் அந்த மேஜை இருந்த இடத்திலேயே இருக்கும். அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துக்கென்று இ.எஸ்.பி.என். நடத்தும் ‘காலேஜ் கேம்டே’ நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. 2005 ஜனவரியிலிருந்து, கூடைப்பந்து பருவத்தின் உச்ச மாதங்களில், சனிக்கிழமைதோறும் அந்தக் குழு மேஜையோடும் விளக்குகளோடும் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய் இறங்குகிறது. ஆட்டம் ராத்திரிதான். ஆனால் முற்பகல் நேரலைக்கே கூடம் நிரம்பிவிடும். கதவு திறப்பதற்கு முன்பே குளிரில் வரிசை கட்டி நிற்கும் மாணவர்கள், முகத்தில் கல்லூரி நிறத்தைப் பூசிக்கொண்டு, எதிரணியைக் கிண்டலடிக்கும் அட்டைகளைத் தூக்கிப் பிடித்தபடி பேச்சாளர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று கத்துவார்கள். இவ்வளவுக்கும் பந்து விழ இன்னும் பல மணி நேரம் இருக்கும். ஆட்டமே இல்லாத ஆட்டக்களத்துக்கு இத்தனை பேர் ஏன் வருகிறார்கள், அதை வீட்டிலிருந்து ஏன் பார்க்கிறார்கள் என்று யோசித்தால், அந்த விளையாட்டு உண்மையில் எதை விற்றுப் பிழைக்கிறது என்பது தெரியவரும்.

இதன் மூத்த அண்ணன் அமெரிக்கக் கால்பந்துக்கான ‘காலேஜ் கேம்டே’. 1987-இல் தொடங்கி ஆறு வருடம் அதுவும் ஸ்டூடியோவுக்குள்தான் கிடந்தது. 1993 நவம்பரில், நாட்டின் முதலிரண்டு இடங்களில் இருந்த ஃபுளோரிடா ஸ்டேட்டும் நோட்ர டாமும் மோதியபோது, முதன்முறையாக நோட்ர டாம் இருக்கும் சவுத் பெண்ட் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆட்டத்தை ஒளிபரப்பியது இ.எஸ்.பி.என். அல்ல, போட்டி நிறுவனமான என்.பி.சி. அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வாசலில் நின்று பேசியதற்கே கூட்டம் கூடிவிட்டது. மூலவர் கருவறையிலேயே இருக்க, உற்சவர் வீதிக்கு வந்தால் ஊரே வாசலுக்கு வருகிற கதைதான். பிறகு ஸ்டூடியோவுக்குத் திரும்பும் எண்ணம் நாளடைவில் போயே போய்விட்டது. பன்னிரண்டு வருடம் கழித்து அதே சூத்திரத்தைக் கூடைப்பந்துக்குக் கொண்டுவந்தார்கள். தொகுப்பாளர் ரீஸ் டேவிஸ். ஆரம்ப ஆண்டுகளில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் டியூக் பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரரும் வழக்கறிஞருமான ஜே பிலாஸ், வட கரோலினாவின் முன்னாள் வீரர் ஹ்யூபர்ட் டேவிஸ், நோட்ர டாமின் பழைய பயிற்சியாளர் டிக்கர் ஃபெல்ப்ஸ். 1974-இல் யு.சி.எல்.ஏ. அணியின் 88 தொடர் வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் ஃபெல்ப்ஸ். கட்டியிருக்கும் டையின் நிறத்திலேயே ஒரு ஹைலைட்டர் பேனாவை அவர் கையில் வைத்துக்கொண்டது அந்நாளில் நிகழ்ச்சியின் அடையாளமாகவே ஆகியிருந்தது.

கால்பந்துக்கு ஒத்துவந்தது கூடைப்பந்துக்கும் ஒத்துவரும் என்று சொல்லிவிட முடியாது. கால்பந்தில் ஒரு கல்லூரி அணிக்குப் பருவம் முழுவதுக்குமே சுமார் 12 ஆட்டங்கள்தான். ஒன்றில் தோற்றால் வருடமே போச்சு என்கிற பதைப்பு இருக்கும். கூடைப்பந்தில் ஒவ்வோர் அணியும் சுமார் முப்பது ஆட்டங்கள் ஆடுகிறது. முதல் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட கல்லூரிகள். மார்ச் மாதத்தில் 68 அணிகள் மோதும் தேசியப் போட்டிதான் சாம்பியனைத் தீர்மானிக்கிறது. ஜனவரியில் தோற்ற அணி ஏப்ரலில் கோப்பையைத் தூக்கலாம். அப்படியானால் ஜனவரி ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? இ.எஸ்.பி.என்.-க்கு இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. ஆடவர் மார்ச் போட்டியின் ஒளிபரப்பு உரிமை சி.பி.எஸ்., டர்னர் நிறுவனங்களிடம் 2032 வரை இருக்கிறது. பழம் அடுத்தவன் தோட்டத்தில் பழுக்கும்போது, பூக்கும் பருவத்தையே திருவிழா ஆக்குவதைத் தவிர வேறு வழியில்லை. முடிவைக் காட்டி ஆளைக் கூப்பிட முடியாத நிலையில் அவர்கள் பற்றிக்கொண்டது இடத்தை.

அந்த இடங்களைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். டியூக்கின் கேமரன் உள்ளரங்கம் 1940-இல் திறந்தது. அதில் 9,314 பேர்தான் உட்காரலாம். ஆடுகளத்தை ஒட்டிய மரப்பலகைப் படிகள் மாணவர்களுக்கு. பந்தை உள்ளே எறிய நிற்கும் எதிரணி வீரரின் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அவர்கள் குதித்துக்கொண்டிருப்பார்கள். பதினைந்து இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வட கரோலினாவோடு ஆட்டம் என்றால், இடம் பிடிக்க வாரக்கணக்கில் வெளியே கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். 1986-இலிருந்து தொடரும் இந்தக் கூடார ஊருக்குப் பயிற்சியாளர் மைக் ஷிஷெஃப்ஸ்கியின் பேரே பேர். ராத்திரி எத்தனை பேர் கூடாரத்தில் இருக்க வேண்டும், தலை எண்ணிக்கையில் ஆள் குறைந்தால் என்ன என்பதற்கெல்லாம் மாணவர்களே எழுதிய சட்டதிட்டம் உண்டு. கன்சாஸின் ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் 1955-ஆம் வருடத்துக் கட்டடம். கூடைப்பந்தை 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பயிற்சியாளர். (1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி பக்கும் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்தான்.) ஆலன் ஃபீல்ட்ஹவுஸில் எதிரணி வீரர்களின் பெயரை அறிவிக்கும்போது மாணவர்கள் கூச்சல் போடுவதில்லை. அத்தனை பேரும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு படிப்பதுபோல் பாவனை செய்கிறார்கள். உன்னைப் பார்ப்பதைவிட எங்களுக்கு வேறு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

இதோடு மார்ச் போட்டியின் இறுதியாட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 1997-இலிருந்து ஆடவர் இறுதிச் சுற்றுகள் எல்லாமே, கொரோனா காலத்து 2021 உட்பட, ராட்சத மைதானங்களில்தான். கால்பந்துக்குக் கட்டிய மைதானத்தின் நடுவில் மரத்தளத்தைக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். 2014 இறுதியாட்டத்துக்கு 79,238 பேர் வந்தார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது 1968 ஜனவரியில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் நடந்த ஹூஸ்டன் – யு.சி.எல்.ஏ. ஆட்டம்: 52,693 பார்வையாளர்கள், நாடு முழுக்க நேரலை. கல்லூரிக் கூடைப்பந்தை டி.வி.யில் பெரிய அளவில் விற்கலாம் என்று அன்றைக்குத்தான் உறுதியானது. அது கற்றுத்தந்த பாடம், கூட்டம் பெரிதாக இருக்க வேண்டும் என்பது. அந்த மைதானங்கள் எந்த அணிக்கும் சொந்த வீடு அல்ல. டிக்கெட் வாங்கிய யாரும் அந்தச் சுவரோடு உறவு கொண்டாட முடியாது. ‘கேம்டே’ கண்டுகொண்டது வேறொன்று. கூட்டம் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, அந்தக் கூடம் யாருடையது என்பதும் திரையில் தெரியும் என்பதை அது புரிந்துகொண்டது.

இருபது வருடத்துக்கு முன் இது சாதாரண வியாபார உத்தி. இன்றைக்கு அதன் மதிப்பு கூடியிருப்பதற்குக் காரணம், அந்த விளையாட்டில் மற்றதெல்லாம் கழன்று போனதுதான். 2006-இலிருந்து பள்ளி முடித்த கையோடு என்.பி.ஏ. தொழில்முறைப் போட்டிக்குப் போக முடியாது என்று விதி வந்தது. அதனால் நட்சத்திர வீரர்கள் ஒரே ஒரு வருடம் கல்லூரியில் தலைகாட்டிவிட்டுப் பறந்துவிடுகிறார்கள். 2021-இலிருந்து ஒரு வீரர் ஒரு வருடம் வெளியே உட்காராமலேயே கல்லூரி மாறலாம். 2024-இல் அது எத்தனை முறை வேண்டுமானாலும் என்றானது. அதே வருடம் கல்லூரிகள் சேர்ந்து ஆடும் கூட்டணிகளும் தலைகீழாகின. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் சேர்ந்தன. பூகோளம் படித்தவர்கள் சிரித்தார்கள், கணக்கு எழுதுகிறவர்கள் சிரிக்கவில்லை. நாற்பத்திரண்டு வருடம் டியூக்கில் இருந்த ஷிஷெஃப்ஸ்கியும் 2022-இல் ஓய்வு பெற்றார். சொந்தக் கூடத்தில் அவர் ஆடவைத்த கடைசி ஆட்டத்தில் டியூக்கைத் தோற்கடித்த வட கரோலினாவின் பயிற்சியாளர், ‘கேம்டே’ மேஜையில் உட்கார்ந்திருந்த அதே ஹ்யூபர்ட் டேவிஸ். வீரர் போகிறார், பயிற்சியாளர் போகிறார், பகை அணிகூடக் கூட்டணி மாறிப் போகிறது. ஒரு ரசிகர் போன வருடமும் இந்த வருடமும் ஒன்றாகப் பார்ப்பது கூடத்தையும் தன்னைப் போன்ற ரசிகர்களையும் மட்டும்தான். பயணம் போகும் நிகழ்ச்சி காட்டுவதும் அந்த இரண்டையும்தான்.

இதெல்லாம் வெறும் விளம்பரம் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. கால்பந்து நிகழ்ச்சி தன் முதல் பயணத்தில் அடுத்த சேனலின் ஆட்டத்துக்குப் போயிற்று. கூடைப்பந்து நிகழ்ச்சியோ பெரும்பாலும் அன்றிரவு தானே காட்டப்போகும் ஆட்டத்தின் வாசலில்தான் கடை விரிக்கிறது. அந்த மேஜையில் நடப்பதை நடுநிலை இதழியல் என்று எடுத்துக்கொள்வது அப்பாவித்தனம். 2023 நவம்பரில் இ.எஸ்.பி.என். பெயரிலேயே பந்தயச் செயலி வந்தபோது இந்தச் சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது. இரண்டு வருடத்தில் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது வேறு கதை. ஆனால் விளம்பரம் என்பதால் அது காட்டுவது பொய் ஆகிவிடாது. கூடார ஊர் 1986-இலேயே இருந்தது, நிகழ்ச்சி வந்தது 2005-இல். 2010 பிப்ரவரியில் கென்டக்கியின் ரப் அரங்கில் முற்பகல் நேரலைக்கு மட்டும் 22,000-க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். கூலி கொடுத்து அழைத்து வந்த கூட்டம் இல்லை அது. கேமரா கூட்டத்தை உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஒன்றின் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான்.

கேமரா திரும்பினால் கூட்டமும் மாறிவிடுமே என்பது இதைவிடக் கூர்மையான ஆட்சேபம். ஆமாம், மாறுகிறது. சிவப்பு விளக்கு எரிந்ததும் அட்டைகள் உயர்கின்றன, விளம்பர இடைவேளையில் கை வலிக்கிறது என்று இறங்குகின்றன. உற்சாகம் பாதி உண்மை, பாதி நடிப்பு. இதில் எனக்குக் குறை தெரியவில்லை, நடிக்காத ரசிகர் கூட்டம் உலகில் எங்கும் கிடையாது. குறை வேறிடத்தில். ராத்திரி முழுக்கக் குளிரில் நின்று, அட்டை எழுதி, தொண்டை கட்டும் வரை கத்தி, தேசிய ஒளிபரப்புக்குப் பின்னணிக் காட்சியாக நிற்கும் மாணவருக்கு வருமானம் எதுவும் இல்லை. மாணவர் ஒருவரைக் களத்தின் மையத்திலிருந்து கூடையை நோக்கிப் பந்தெறிய வைப்பார்கள். ஏறத்தாழ 42 அடி தூரம். விழுந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் தரும் ஆயிரக்கணக்கான டாலர் பரிசு. அன்றைய நிகழ்ச்சியில் மாணவர் பக்கம் பணம் வருவதற்கு இருந்த ஒரே வழி அதுதான். களத்தில் ஆடியவர்களுக்கே நெடுங்காலம் உபகாரச் சம்பளம் தவிர எதுவும் கிடையாது. யு.சி.எல்.ஏ.வின் எட் ஓபானன், தன் உருவத்தை வீடியோ கேமில் வைத்து விற்கிறார்களே என்று வழக்குப் போட வேண்டியிருந்தது. 2021-இல் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025-இல் பல்கலைக்கழகங்களே வீரர்களோடு வருமானத்தைப் பங்கிட நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. பாக்கி இருப்பது கூட்டத்தின் கணக்கு. அதைப் பணமாகத் தீர்க்க முடியாது. டிக்கெட் விலையேற்றத்திலும் பணக்கார நன்கொடையாளர்களுக்கான இருக்கைகளிலும் மாணவர் படிகளைக் கரைத்துவிடாமல் இருந்தால் போதும். தன் சரக்கே அந்தப் படிகள்தான் என்பதால் டி.வி. நிறுவனம் இதற்காக வாய் திறக்க வேண்டும்.

பெண்கள் கூடைப்பந்தில் இந்த வாதம் இன்னும் துலக்கமாக நிரூபணமாகிறது. 2010 ஜனவரியில் நிகழ்ச்சி முதன்முறையாக ஒரு மகளிர் ஆட்டத்துக்காக, கனெக்டிகட் – நோட்ர டாம் ஆட்டத்துக்காக, கனெக்டிகட் போனபோது அதைச் சலுகை என்று பார்த்தவர்கள் இருந்தார்கள். 2024-இல் தென் கரோலினா – அயோவா மகளிர் இறுதியாட்டத்தைச் சராசரியாக 1.8 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்; ஆடவர் இறுதியாட்டத்துக்கு 1.5 கோடிகூடத் தேறவில்லை. கெயிட்லின் கிளார்க் என்ற ஒரு வீராங்கனையின் மாயம் அது என்று சொல்வது பாதி பதில். அவர் நான்கு வருடம் ஒரே கல்லூரியில், சொந்த மாநிலத்திலேயே ஆடினார் என்பது மீதிப் பாதி. ஆடவர் ஆட்டத்தில் அப்படி ஒரு பெரிய நட்சத்திரம் ஊரோடு ஒட்டிக்கொண்டிருப்பது இன்றைக்கு அபூர்வம்.

நிகழ்ச்சியின் மேல் வைக்கும் குற்றச்சாட்டுகளில் மறுக்கவே முடியாதது ஒன்று உண்டு: போன வீட்டுக்கே திரும்பத் திரும்பப் போகிறார்கள். டியூக், வட கரோலினா, கென்டக்கி, கன்சாஸ். சுற்றிச் சுற்றி இதே வட்டம். பெரிய அணி இருந்தால்தான் பார்வையாளர் வருவார் என்பது அவர்கள் பதில். 2012 பிப்ரவரியில் அந்தப் பதிலை அவர்களே பொய்யாக்கினார்கள். 18,000 பேர்கூட இல்லாத கென்டக்கி மாநிலச் சிற்றூர் முர்ரே. அங்குள்ள முர்ரே ஸ்டேட் அந்தப் பருவத்தின் முதல் 23 ஆட்டங்களிலும் தோற்காமல் வந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. ‘கேம்டே’ அங்கே போனது, கூடம் நிரம்பியது. பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான ஜா மொராண்ட் வந்ததும் அதே சிறிய கல்லூரியிலிருந்துதான். 350 கூடங்கள் இருக்கும் நாட்டில் இப்படி ஒரு சனிக்கிழமை விதிவிலக்காக இருப்பது அநியாயம். வருடத்துக்கு இரண்டு வாரத்தையாவது பெரிய கூட்டணிகளுக்கு வெளியே இருக்கும் கல்லூரிகளுக்கென்று அட்டவணையிலேயே ஒதுக்கி வைப்பது இ.எஸ்.பி.என்.-க்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மேஜையும் விளக்கும் எப்படியும் லாரியில்தான் போகின்றன.