ஏழு பேர்ச் காணியும் ஐந்து கையெழுத்தும்

கல்லூரிச் சஞ்சிகைக்கு எழுதும் பழைய மாணவியர் பெரும்பாலும் ஆசிரியையாக, வைத்தியராக, சட்டத்தரணியாக இருப்பார்கள். நான் காணித் தரகர். ஹட்டனில் "புரோக்கர் நானாவின் மகள்" என்று கேட்டால் கடைக்காரர்கள் வழி காட்டுவார்கள். வாப்பா முப்பது வருடங்களாகச் செய்த தொழில் இது. அவருக்குக் கண் மங்கி, பழைய உறுதிகளின் எழுத்து தெரியாமல் போனபோது நான் வாசித்துச் சொல்லத் தொடங்கினேன். பிறகு நொத்தாரிசு அலுவலகத்துக்குப் போனேன், காணிப் பதிவகத்துக்குப் போனேன், கடைசியில் காணி பார்க்கவும் போனேன். உம்மாவுக்கு இன்னும் முழு மனதில்லை. "பொம்புளப் புள்ளக்கி என்னத்துக்கு இந்த அலைச்சல்" என்பார். என் வருமானத்தில் தங்கைக்குப் படிப்புச் செலவு போவதால் அதற்கு மேல் சொல்வதில்லை.

விடுதியில் என்னோடு இருந்த தோழி ஒருத்தி, "வீட்டைக் காட்டிவிட்டுக் காசு வாங்குவதுதானே?" என்று கேட்டாள். ஏப்ரல் மாதத்தில் அது ஓரளவு உண்மை. நுவரெலியா வசந்தகாலத்துக்குக் கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பதில் நடை குறைவு, காசு உடனே வரும். மற்றப் பதினொரு மாதமும் நான் அதிகம் செய்வது கடதாசி வாசிப்பது. வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி "பேர்ச் என்ன விலை?" என்பது. நான் கேட்கும் முதல் கேள்வி "இது யாருடையது?" என்பது. மலையகத்தில் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்க மாதங்கள் எடுக்கும்.

காரணத்தைச் சொல்கிறேன். ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்கு பஸ்ஸில் போனால் இருபுறமும் பச்சை. அந்தப் பச்சையில் மிகப் பெரும்பகுதி எந்தத் தரகராலும் விற்க முடியாதது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலத்தை, வேறொருவர் தன்னுடையதென்று நிரூபிக்கும்வரை முடிக்குரியதாகக் கொண்டது. அப்படிக் கிடைத்த நிலம் கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டது. கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலை வந்தது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. 1975இல் வந்த திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுக்கு எடுத்தது. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நடத்துகின்றன; அவற்றின் குத்தகை 2045 வரை ஓடுகிறது. கம்பனி கையில் இருப்பது குத்தகை மட்டுமே, நிலம் அரசுடையது. மீதியாக விற்கக்கூடியவை நகரத்து ஓரங்களும், கடைத்தெருக்களும், பழைய கிராமங்களும், சீர்திருத்தத்துக்குத் தப்பிய சிறு தோட்டங்களும்தான். கொஞ்ச நிலம், நிறைய ஆட்கள். விலை ஏன் ஏறுகிறது என்று இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

அதே 1840இல் இன்னொரு சட்டமும் வந்தது. 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். காணி கைமாற வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட வேண்டும் என்றது. இன்றைக்கும் அதுதான் சட்டம். ஆகவே முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாளில் "இன்னாருக்குக் கொடுத்தேன்" என்று எழுதியதை ஒருவர் நீட்டும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்தத் தாளுக்குப் பணம் ஏற்கெனவே கைமாறியிருக்கும். வரி கட்டிய துண்டு, மின்சாரப் பட்டியல், ஜீ.எஸ். கொடுத்த கடிதம் ஆகியவையும் அப்படியே. அவை ஆள் அங்கே இருக்கிறார் என்பதைக் காட்டும், காணி அவருடையது என்பதைக் காட்டாது.

தோட்டத்து மக்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பதில் சொல்ல வாய் வராத ஒன்று உண்டு. "தங்கச்சி, எங்க தாத்தா காலத்துல இருந்து இந்தக் காம்பராவுலதான் இருக்கோம். பத்து வருசம் இருந்தா காணி சொந்தம்னு சொல்றாங்களே, எங்களுக்கு இல்லியா?" பத்து வருடக் கதை பொய்யல்ல. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணியை எதிரிடையாக, தடையின்றிப் பத்து வருடம் அனுபவித்தவர் நீதிமன்றில் உரிமை கோரலாம். அரச காணிக்கு அது செல்லாது. தோட்டம் அரச காணி. மேலும் லயத்தில் இருப்பவர் தோட்டத்தின் அனுமதியோடு இருப்பவர், எதிரிடையாக இருப்பவர் அல்லர். 2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு என்று நினைவுகூர்ந்தோம். அந்த இருநூறு ஆண்டுகள் உறுதியில் ஒரு வரியாகக்கூட ஏறவில்லை.

வாங்கலாமே என்றால், அதற்கும் ஒரு காலத்தில் கதவு சாத்தியிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், பிரஜை அல்லாதவர் காணி வாங்கினால் அதன் பெறுமதிக்குச் சமமான வரியையும் கட்ட வேண்டுமென்றது. நூற்றுக்கு நூறு. அந்த நாளில் கொஞ்சம் காசு சேர்த்த சிலர், நம்பிக்கையான கடை முதலாளியின் பேரிலோ சிநேகிதர் பேரிலோ உறுதி எழுதிக்கொண்டதை வாப்பா சொல்வார். பேர் கொடுத்தவர் நல்ல மனிதராக இருந்திருப்பார். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரியாது. உறுதியில் இருக்கும் பேர் மட்டும் தெரியும்.

இப்போது இன்னொரு திசையிலிருந்து அதே கேள்வி வருகிறது. "கனடாவில் இருக்கும் மகன் பேரில் எழுதலாமா?" மகன் கனடாப் பிரஜை ஆகிவிட்டாரா என்று கேட்பேன். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்திருந்தால் தடையில்லை.

இனி என் மேசையில் இப்போது இருக்கும் ஒரு காணியைப் பற்றிச் சொல்கிறேன். ஆட்களின் பேரும் இடத்தின் பேரும் வேண்டாம்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு ஐயாவும் அவர் மனைவியும் சென்ற வருடம் வந்தார்கள். ஊழியர் சேமலாப நிதிப் பணம், மகள் கொழும்பில் வேலை செய்து அனுப்பியது, நகை விற்றது எல்லாம் சேர்த்து வைத்திருந்தார்கள். நகரத்து ஓரமாக ஏழு பேர்ச் வேண்டும் என்றார்கள். ஏன் ஏழு என்று கேட்டேன். தோட்ட வீடமைப்பில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்று கேட்டுக் கேட்டு அந்த எண்ணே மனதில் நின்றுவிட்டது என்றார் அந்த அம்மா. ஒரு ஏக்கர் 160 பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடியும் கொஞ்சமும். ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. சிறிய வீடு, முன்னால் ஒரு பாத்தி, பின்னால் மலசலகூடக் குழி. அதோடு சரி.

ஒரு துண்டு கிடைத்தது. பேர்ச் மூன்று இலட்சம், ஆக 21 இலட்சம். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது 1,555 நாள் வேலை. ஒரு வாய் சோறு உண்ணாமல், ஒரு பிள்ளைக்குக் கொப்பி வாங்காமல். இதற்கு மேல் முத்திரைத் தீர்வை இருக்கிறது. முதல் இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று, மிகுதிக்கு நூற்றுக்கு நான்கு. மொத்தம் 83,000 ரூபாய். நொத்தாரிசு கட்டணம் வேறு. இந்தக் கணக்கை நான் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவேன். கடைசி நாளில் சொன்னால் வட்டிக்கு ஓடுவார்கள். என் தரகு நூற்றுக்கு மூன்று, விற்பவர் தருவது. இங்கே அது 63,000. அதையும் மறைக்கவில்லை.

காணி பார்க்கப் போனோம். இதில் பெண்ணாக இருப்பது எனக்கு உதவியாகத்தான் இருந்திருக்கிறது. ஆண்கள் எல்லையையும் பாதையையும் பார்ப்பார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்து, "பீலி எங்க இருக்கு?" என்றார். நல்ல கேள்வி. பீலித் தண்ணீர் மேலே வேறொருவர் காணியிலிருந்து குழாயில் வந்தது. அந்தக் குழாய்க்கு எழுத்தில் உரிமை இல்லை. மேலே இருப்பவர் கோபித்தால் தண்ணீர் நின்றுவிடும். அதைக் குறித்துக்கொண்டேன். சரிவையும் குறித்துக்கொண்டேன். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்த பிறகு, விலைக்கு முன்பே மண்சரிவைக் கேட்கிறார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். மேலே வெட்டிய மண்திட்டும், சாய்ந்து நிற்கும் மரமும், சுவரில் புது வெடிப்பும் கண்ணுக்கே தெரியும். நிலத்தின் உள்ளே என்ன நடக்கிறதென்று தரகருக்குத் தெரியாது.

பிறகு உறுதி. என் கைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வாங்குபவர் தமிழ் மட்டும் வாசிப்பவராக இருந்தால் ஒவ்வொரு வரியையும் சொல்லி விளங்கவைக்காமல் நகர மாட்டேன். காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவுகளைத் தேடுவது வழக்கம். ஈடு வைத்திருக்கிறார்களா, வழக்கு இருக்கிறதா என்பது அங்கே தெரியும். எல்லைகள்தான் சில நேரம் சிரிப்பூட்டும். "கிழக்கே பலாமரம்" என்றிருக்கும். மரம் பலகையாகி யார் வீட்டிலோ கதவாக இருக்கும். மஸ்கெலியாவின் பழைய நகரம் 1960களின் கடைசியில் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. அதற்கு முந்திய ஓர் உறுதியை வாப்பா எனக்குக் காட்டினார். அதன் நான்கு எல்லைகளும் இப்போது தண்ணீர்.

இந்த ஏழு பேர்ச்சுக்கு எல்லை சரி, ஈடு இல்லை. உறுதி மட்டும் மௌத்தான ஒருவரின் பேரில் இருந்தது. விற்க வந்தவர்கள் அவருடைய மூன்று ஆண்மக்கள், நம் சமூகத்தவர்களே. "வேற யாரும் இருக்காங்களா நானா?" என்று கேட்டேன். "ரெண்டு தங்கச்சிமார். அவங்களுக்குக் கல்யாணத்துக்கு எல்லாம் குடுத்தாச்சு. ஒண்டும் கேக்க மாட்டாங்க" என்றார் மூத்தவர்.

தங்கையரே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்து வாசியுங்கள். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமற்றோர் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மரணசாசனம் எழுதாமல் மௌத்தான முஸ்லிமின் சொத்து மார்க்கச் சட்டப்படி பிரியும். தாயும் ஏற்கெனவே மௌத்தாகிவிட்டார். மூன்று ஆண்களுக்கு இரண்டிரண்டு, இரண்டு பெண்களுக்கு ஒவ்வொன்று. மொத்தம் எட்டுப் பங்கு. ஆறு பங்கு ஆண்களுடையது, இரண்டு பங்கு பெண்களுடையது. கல்யாணத்தில் நகை கொடுத்ததால் அந்தப் பங்கு தானாக மறைந்து போகாது. விட்டுக்கொடுப்பதென்றாலும் அவர்களே, நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று பேர் மட்டும் கையெழுத்திட்டால், அந்த ஐயா 21 இலட்சம் கொடுத்து வாங்குவது பிரிபடாத எட்டில் ஆறு பங்குதான். நாளைக்குத் தங்கைமாரோ அவர்களின் பிள்ளைகளோ 1977ஆம் ஆண்டின் பங்குபிரித்தல் சட்டத்தின்கீழ் வழக்கு வைக்கலாம். அதில் தீர்ப்பு வருவதற்குள் வாங்கியவர் கட்டிய வீட்டுக்கு வயதாகிவிடும்.

"குடுத்ததுக்கு ஏதாவது எழுதினீங்களா நானா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. வேறு புரோக்கரிடம் போவதாகச் சொன்னார். நம் சொந்தக்காரர் ஒருவர் வாப்பாவிடம் வந்து, "உங்கட மகள் குடும்பத்துக்குள்ள சண்டை மூட்டுறா" என்றார். வாப்பா தேநீர் கொடுத்து அனுப்பினார். அன்றிரவு என்னிடம், "அறுவத்து மூவாயிரம் போகுது, தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அந்த மாதம் வேறு காணி எதுவும் கைமாறவில்லை. கடையில் கடன் இருந்தது.

மூத்தவர் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். வேறு நொத்தாரிசும் அதையே சொல்லியிருக்க வேண்டும். பெரிய தங்கை மாவனல்லையில் இருக்கிறார். நானே போனேன். விறாந்தையில் உட்கார்ந்து வரைபடத்தைக் காட்டியபோது அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் இதுல பங்கு இருக்குதா? யாரும் சொல்லல்லயே" என்றார். பிறகு கையெழுத்திடச் சம்மதித்தார், தன் எட்டிலொரு பங்குப் பணத்தை வாங்கிக்கொண்டு. அதில் மகளைக் கணினி வகுப்புக்கு அனுப்பப் போகிறாராம். சின்னத் தங்கை கணவரோடு கட்டாரில். அவர் வரத் தேவையில்லை; அங்குள்ள நம் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பி, அதை இங்கே பதிவு செய்தால் போதும். கடிதம் போட்டிருக்கிறேன், தொலைபேசியிலும் பேசினேன். நானாமாரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். நானாமாரிடமல்ல, தன்னிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மண்சரிவு அறிக்கை வந்துவிட்டது. சில நிபந்தனைகளோடு கட்டலாம். பீலிக்கும் மேலேயிருப்பவர் எழுதித்தரச் சம்மதம். அந்த ஐயாவின் பணம் இன்னும் அவருடைய வங்கிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் சந்தைக்கு வரும்போது படியேறி வந்து, "கட்டார்ல இருந்து ஏதும் வந்திச்சா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.