இரண்டாவது தொடுகை

தென்காசிப் பக்கம் கோயில் கொடை என்றால் பல ஊர்களில் மின்னொளி வாலிபால் போட்டியும் உண்டு. சுரண்டையிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் அணிகள் வந்து இறங்கும். சாரல் அடித்து மண் நொதநொதத்துக் கிடந்தாலும் ஆட்டம் நிற்காது. கூட்டம் கைதட்டுவது ஸ்மாஷுக்கு. உயரமான பையன் எம்பி அடித்து, பந்து எதிர்ப்பக்க மண்ணில் குத்தி எழும்பினால் விசில் பறக்கும். அவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவன் யார் என்று யாரும் கேட்பதில்லை.

அவன்தான் செட்டர். ஓர் அணிக்கு மூன்று தொடுகை அனுமதி. முதல் தொடுகையில் எதிராளியின் சர்வீஸை எடுக்கிறார்கள், மூன்றாவதில் அடிக்கிறார்கள். நடுவிலுள்ள இரண்டாவது தொடுகை பெரும்பாலும் ஒரே ஆளுடையது. இடது ஓரத்துக்கு உயரமாகக் கொடுப்பதா, நடுவில் வலையை ஒட்டிக் குட்டையாக விடுவதா, முதுகுக்குப் பின்னால் வலது பக்கம் அனுப்புவதா என்பதைப் பந்து கைக்கு வருமுன் அவன் முடிவு செய்திருக்க வேண்டும். பந்தியில் பரிமாறுகிறவரைப் போல, யார் இலையில் எப்போது எதை வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதே பொறுப்பைச் சுமக்கிறவர் குவார்ட்டர்பேக். அவர்கள் ஊர் ஃபுட்பாலில் ஒவ்வொரு தாக்குதலும் அவர் கையிலிருந்தே தொடங்கும். ஜோ பர்ரோவை எடுத்துக்கொள்வோம். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். 2018இல் லூசியானாவின் எல்.எஸ்.யூ. பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அந்தப் பருவத்தில் அவர் எறிந்து கிடைத்த டச்டவுன் (நம் கால்பந்தின் கோல் மாதிரி) 16. அடுத்த பருவத்தில் 60! அணி ஆடிய 15 ஆட்டங்களிலும் வென்றது. 2020 ஜனவரி 13 அன்று நடந்த தேசிய இறுதிப் போட்டியில் கிளெம்சன் அணியை 42-25 என்று வீழ்த்தியது. இடையில் நடந்தது என்ன? ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் பாஸ் ஆட்டத்தைத் திருத்தி அமைத்தார். அதே ஆளை அதே இடத்தில் இரண்டாம் ஆண்டும் நிற்க வைத்தார்கள். இந்த இரண்டாவது விஷயத்தை அமெரிக்கர்களே அதிகம் பேசுவதில்லை.

நம் பக்கத்தில் இதற்கு நிகரான கதை முத்துசாமி அப்பாவுவுடையது. தமிழ்நாட்டுக்காரர், செட்டர். பிரைம் வாலிபால் லீகின் முதல் பருவத்தில் அவருடைய அகமதாபாத் டிஃபென்டர்ஸ் அணி இறுதிவரை போனது. 2022 பிப்ரவரி 27, ஹைதராபாத். கொல்கத்தா தண்டர்போல்ட்ஸிடம் 13-15, 10-15, 12-15 என்று மூன்று செட்டையும் பறிகொடுத்தது.

மறு ஆண்டு வெளிநாட்டு வீரர்கள் மாறினார்கள், செட்டர் மாறவில்லை. 2023 மார்ச் 5, கொச்சி. முத்துசாமி தலைமையில் மீண்டும் இறுதிப் போட்டி. எதிரே பெங்களூரு டார்பிடோஸ். முதல் இரண்டு செட் 15-7, 15-10 என்று எளிதாக வந்தன. மூன்றாவது 18-20, நான்காவது 13-15 என்று கைநழுவின. கையில் இருந்த ஆட்டம் இப்படி நழுவும்போது, பதற்றத்தில் எல்லாப் பந்தையும் அடித்து ஆடும் ஒரே வீரருக்குத் தள்ளிவிடுவது இளம் செட்டர்களுக்கு வழக்கம். வலையருகே எதிரணி எழுப்பும் தடுப்பான பிளாக்கும் அதற்காகவே காத்து நிற்கும். ஆனாலும் ஐந்தாவது செட் 15-10. கோப்பை அகமதாபாத்துக்கு. மறுநாள் அதிகம் பேசப்பட்ட பெயர் அடித்து ஆடிய அங்கமுத்துவுடையது. அவரும் தமிழர்தான், தகுதியும் உண்டு. ஆனாலும் அவருக்குப் பந்து போன வழியைப் பார்க்க வேண்டாமா?

அந்த வழி விரல்களில் இருக்கிறது என்று நினைப்போம். உண்மையில் கால்களில் தொடங்குகிறது. முதல் பாஸ் எங்கே தெறித்தாலும் செட்டரின் கால் பந்துக்கடியில் போய்ச் சேர வேண்டும். பிறகு நெற்றிக்கு மேலே பத்து விரல்களும் விரிந்து, ஒரே நேரத்தில் பந்தைத் தொட்டு விட வேண்டும். ஒரு கை முந்தினால் நடுவர் டபுள் என்று விசில் ஊதிவிடுவார். தோளோ இடுப்போ திசையைக் காட்டிக் கொடுத்தால் எதிரணியின் நடு வீரர் முன்பே நகர்ந்துவிடுவார். இவ்வளவும் ஒரு நொடிக்குள். ஒரு பருவப் பயிற்சியில் இது கைக்கு வராது.

அகமதாபாத் கோப்பை வென்ற அதே 2023இல், செப்டம்பர் 20 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில், உலகத் தரவரிசையில் 73ஆம் இடத்திலிருந்த இந்தியா 27ஆம் இடத்திலிருந்த தென்கொரியாவை 25-27, 29-27, 25-22, 20-25, 17-15 என்று வென்றது. முந்தைய ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கிய அணி தென்கொரியா. அன்றைய இந்திய அணியில் முத்துசாமி, மோகன் உக்கிரபாண்டியன் என்று தமிழ்நாட்டுச் செட்டர்கள் இருவர். உக்கிரபாண்டியன் அடுத்த ஆண்டே சென்னையில் காலிகட் ஹீரோஸுடன் லீக் கோப்பையையும் வென்றார்.

நம் பள்ளி, கல்லூரிகளில் இன்னும் ஒரு பழக்கம் போகவில்லை. உயரமானவனை அடிக்க அனுப்பிவிட்டு, மிச்சமிருக்கும் குட்டைப் பையனைச் செட்டராக்குவது. ஆண்கள் வலையின் உயரம் 2.43 மீட்டர். சுழற்சியில் செட்டரும் முன்வரிசைக்கு வந்தாக வேண்டும். அப்போது பிளாக்கில் அந்த இடம் ஓட்டையாகிவிடும். 2022இல் இத்தாலி உலக சாம்பியன்ஷிப்பை வென்றபோது தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர் அதன் கேப்டன் சிமோனே ஜனெல்லி. அவர் செட்டர். உயரம் ஆறரை அடி!

அடித்து ஆடும் பையனைத் தேடுவதில் நமக்குக் குறை இல்லை. தென்காசி மாவட்டத்துப் பி.டி. சார்களிடம் ஒன்று கேட்கலாம். ஒன்பதாம் வகுப்பில் நல்ல உயரமும் நிதானமும் உள்ள ஒரு பையனையோ பெண்ணையோ செட்டராக நிறுத்துங்கள். முதல் ஆண்டு தோற்றாலும் பிளஸ் டூ முடியும்வரை அந்த இடத்திலிருந்து மாற்றாதீர்கள்.